வௌவாலின் கை எங்கே இருக்கிறது

பாடம் பண்ணும் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகச் சொன்னார்கள். தோலை எப்படி உரிப்பது, எதில் ஊறவைப்பது, கண்ணாடிக் கண்ணை எப்படிப் பொருத்துவது என்பதையெல்லாம் இங்கே இருக்கிறவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். மருந்துகளும் மாறிவிட்டன. நான் சேர்ந்த காலத்தில் மேசைமேல் சும்மா கிடந்த புட்டிகளில் பாதியை இன்று பூட்டி வைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம்.

நான் சொல்ல வந்தது வேறு. அருங்காட்சியக வேலையில் சில நாட்கள் வரும். மேசைமேல் கிடக்கும் பிராணியை என்ன செய்வதென்று தெரியும். எதிரே நிற்கிற மனிதருக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியாது. யோசிக்க நேரமும் இருக்காது. எனக்கு அப்படி வந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி வௌவால்களோடு போயிற்று. கோலாலம்பூரைச் சுற்றி அவற்றுக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புக் குகைகளில் உள்ளங்கைக்குள் அடங்குகிற சிறியவை. கிள்ளானுக்கு அப்பால் உப்புநீர்ச் சதுப்புக் காடுகளில், மலாய்க்காரர்கள் கெலுவாங் என்று சொல்லும் பெரிய பழ வௌவால்கள். சாயங்காலத்தில் அவை ஆற்றைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் யாரோ கறுப்புக் குடைகளை வானத்தில் விரித்து விட்டதுபோல இருக்கும்.

அந்தச் சிறகை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சிறகு என்று நாம் சொல்வது முழுக்க ஒரு கை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நமக்கு இருக்கிற வரிசையிலேயே இருக்கும். கட்டைவிரல் மட்டும் வளைந்த நகத்தோடு தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். கிளையைப் பற்றி ஏற அது வேண்டும். மற்ற நான்கு விரல்களும் குடைக்கம்பிபோல நீண்டு, அவற்றுக்கு நடுவே தோல் விரிந்திருக்கும். சுண்டுவிரலிலிருந்து அந்தத் தோல் உடம்போரமாக இறங்கிக் கால்வரை போகும். நடுவிரல்தான் எல்லாவற்றிலும் நீளம். அந்த மிருகத்தின் உடம்பு நீளத்துக்குக் குறையாது. இவ்வளவு நீண்ட விரல்களை மடக்கிச் சுருட்டி, போர்வைபோல உடம்பில் போர்த்திக்கொண்டு அது தலைகீழாகத் தூங்குகிறது.

அப்போது எங்கள் அறைத் தலைவர் மலாக்காவிலிருந்து வந்த ஒரு யுரேஷியர். இளவயதில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்; தமிழை அங்கேதான் பிடித்துக்கொண்டார். அவருடைய தமிழுக்கு இலக்கணம் கிடையாது; ஐயாவுக்குத் துவான், வாக்கியக் கடைசியில் ஒரு லா என்று நடுநடுவே மலாய் விழும். ஆனால் புரியாமல் போனதும் கிடையாது.

அவரைப் பற்றி ஒன்று சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். கிள்ளானை அடுத்த மேருப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் தன் பழமரத்தில் சுட்ட கெலுவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். சுவரில் மாட்டப் போகிறாராம். சிறகை இன்னும் அகலமாக, இழுத்த இழுப்புக்கு விரித்துத் தர வேண்டும் என்றார். எங்கள் தலைவர் உள் அலமாரியிலிருந்து ஒரு பழைய உருப்படியை எடுத்து வந்து துரை முன்னால் வைத்தார். எங்களுக்கு முன்பு இருந்த யாரோ தோலை இழுத்துப் பிடித்துக் காயவைத்தது. காயும்போது தோல் சுருங்கியிருக்கிறது. சுருங்கின தோல் விரல் எலும்புகளை வில்லாக வளைத்துவிட்டிருக்கிறது. ஒரு விரல் நுனி முறிந்தும் போயிருந்தது.

“தோலை இழுக்கலாம் துவான். எலும்பை இழுக்க முடியாது” என்றார் எங்கள் தலைவர்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. மேலிடத்தில் சொல்லுவேன் என்று போனார், சொல்லவும் செய்தார். எங்கள் தலைவர் அசையவில்லை. கடைசியில் துரையின் வீட்டுச் சுவருக்குப் போனது அதன் சொந்த அளவில் இருந்த வௌவால்தான். வேலைக்குப் புதிதான எனக்கு அன்று பயமாக இருந்தது. பிறகு பயம் போய்விட்டது. அந்தத் தோல் சுருங்கின விஷயம் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

இனி என் நாளுக்கு வருகிறேன்.

பார்வைக் கூடத்தில் வௌவாலுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தோம். ஒரு பக்கம் பாடம் பண்ணின கெலுவாங். அதன் பக்கத்தில் சதை நீக்கின சிறகு எலும்பு. அதற்கும் பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மனிதக் கை எலும்பு. பெரும்பாலோர் வௌவாலின் முகத்தைப் பார்த்து, “நாய் மூஞ்சி” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகல். கண்ணாடி துடைக்க நான் கூடத்துக்கு வந்தபோது அந்தப் பெட்டி முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஈரக் குடை, கையில் ஒரு துணிப்பை. நான் பக்கத்துப் பெட்டியைத் துடைத்து முடித்தும் அவர் நகரவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“தம்பி, இதுக்குக் கை எங்க இருக்கு?”

“இந்த எறக்கை மொத்தமும் கைதான் அக்கா. இந்தா பாருங்க, இது கட்டவெரல். இது நாலும் மத்த வெரலுங்க. நடுவுல தோலு.”

அவர் எலும்பைப் பார்த்தார். பக்கத்திலிருந்த மனித எலும்பைப் பார்த்தார். பிறகு தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“ரெண்டையும் ஏன் பக்கத்துல வெச்சிருக்கீங்க?”

“ரெண்டும் ஒரே மாதிரிங்கறதுக்காக.”

அந்த இடத்தில் வழக்கமாக நான் ஒரு வேடிக்கை சொல்வேன்; விரலுக்கு நடுவே ஒரு வேட்டியைக் கட்டினால் நாமும் பறக்கலாம் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். அன்று அந்த அம்மாளின் முகம் வெளுத்திருந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்வரை வந்த வேடிக்கையை விழுங்கிவிட்டு, “ஒடம்பு சரியில்லையா அக்கா? ஒக்காருங்க” என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பெயர் அஞ்சலை. கணவர் இறந்த பிறகு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஆப்பம் சுட்டு விற்கிறார். தம்பி வேலு கிள்ளானில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் வேலை. வேலுவுக்கும் அவன் மனைவி பாக்கியத்துக்கும் சில மாதங்களுக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனிவரை ஒட்டியிருக்கின்றன.

“வௌவாப் புள்ளைன்னு லைன் வீட்டுல எல்லாரும் கூப்புடுறாங்க தம்பி. என் தம்பி யார்கிட்டயும் பேசறதில்ல. அவ புள்ளையோட கைய முந்தானைக்குள்ளயே வெச்சிருக்கா. நாளைக்குக் காலையில கீறிப் பிரிக்கப் போறோம். கட்டி கீறி மருந்து வெக்கிற ஆளு ஒருத்தர் இருக்காரு. நான்தான் பேசி முடிச்சேன்.”

“அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?”

அவர் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். “வௌவாக் கறி தின்னா இப்படி ஆகுமா?”

“யார் தின்னா?”

“அவ மாசமா இருக்கும்போது மூச்சு இழுப்பு. ராத்திரியெல்லாம் ஒக்காந்தே இருப்பா. வௌவா சூப்பு குடிச்சா நிக்கும்னு பாசார்ல சொன்னாங்க. நான்தான் தேடிப் புடிச்சு வாங்கி, அங்கேயே தங்கி, தினமும் ஆக்கிக் குடுத்தேன்.” சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “இது யாருக்கும் தெரியாது தம்பி. வேலுகிட்டகூட கோழி சூப்புன்னுதான் சொன்னேன். நீங்களும் சொல்லிடாதீங்க. அந்தக் கைய பிரிச்சு விட்டுட்டா எனக்குப் போதும்.”

அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழந்தையின் கையைப் பார்க்கும்போதெல்லாம் தன் சட்டியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினேன். எங்கள் தலைவர் ஒரு பறவையின் காலில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வேலையை நிறுத்தினார்.

“அப்ப அந்தப் பொம்பளை வௌவாலைப் பத்தி கேக்கல” என்றார்.

“இல்ல சார்.”

“கீறினா என்ன ஆகும்?”

நான் யோசித்தேன். “தோலு மட்டும்தான் ஒட்டியிருந்தாலும், கீறினப்புறம் ரெண்டு விரலையும் சுத்திப் போர்த்தத் தோலு பத்தாது. ஆறும்போது சுருங்கும். விரல் வளைஞ்சிரும்.”

“உனக்கு நிச்சயமா?”

“செத்த தோல்ல நிச்சயம். உயிருள்ள தோல்ல தெரியாது.”

“அதுதான் லா” என்றார். “நீ டாக்டர் இல்ல. டாக்டர் மாதிரிப் பேசாதே. ஆனா தோலு உனக்குத் தெரியும். தெரிஞ்ச இடம் வரைக்கும் போ. அங்க நில்லு. அப்புறம் டாக்டரைக் காட்டு.”

அருங்காட்சியகத்துக்கே பொறுப்பான கியூரேட்டர் துரை அப்போது காட்டுப் பயணத்தில் இருந்தார். அவரைக் கேட்காமல் என்னைப் பிற்பகல் ரயிலுக்கு அனுப்புவது தன் பொறுப்பு என்று தலைவர் சொன்னார். ஸ்பிரிட்டில் ஊறிய ஒரு கெலுவாங் சிறகை ஜாடியோடு எடுத்துக்கொண்டேன். கூடவே இன்னொரு ஜாடியையும் எடுக்கப் போனேன். அதில் பிறக்காத குரங்குக் குட்டி ஒன்றும் பிறக்காத வௌவால் குட்டி ஒன்றும் இருந்தன. தாயின் வயிற்றிலிருந்து எடுத்தவை. தலைவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது வேணாம். பால் குடுக்கிற பொம்பளை முன்னால இதை வெக்காதே. நீ பாத்ததை வாயால சொல்லு.”

இந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவருக்குக் கடமைப்பட்டவன். உண்மையைக் காட்டுகிற உற்சாகத்தில் நான் அந்த வீட்டுக்குள் எதைக் கொண்டுபோய் வைத்திருப்பேன் என்று பிற்பாடு நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கீறுவதற்கு முன் வீட்டில் நான் பேசிப் பார்க்கிறேன், சூப்பைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றதும் அஞ்சலையக்கா என்னோடு ரயிலேறினார். துணி சுற்றிய ஜாடி என் மடியில் இருந்தது. எதிரில் இருந்த ஒருவர் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, “ஊறுகாயா அண்ணே?” என்றார். ஆமாம் என்றேன். “என்ன ஊறுகா?” என்றார். நான் யோசிப்பதற்குள் அஞ்சலையக்கா, “மருந்து ஊறுகா. வாயில வெக்க முடியாது” என்றார். அந்தப் பயணத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

கிள்ளானில் இறங்கி ரயில்வே லைன் வீட்டுக்குப் போனபோது வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் ஒரு சிறிய கத்தி கிடந்தது. மறுநாள் வருவதாகச் சொன்னவர் அன்றே வந்துவிட்டிருந்தார். மறுநாள் வேலுவுக்கு ஓய்வு கிடைக்கவில்லையாம்; இன்றைக்கே முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

கத்திக்காரர் பல் விழுந்த, வெள்ளை மீசைக்காரர். பஞ்சு, துணி, எண்ணெய் எல்லாம் சுத்தமாக ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் பாக்கியம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட ஆகியிருக்காது. குழந்தையின் வலது கை முந்தானைக்குள் இருந்தது.

வழியெல்லாம் நான் பேச வேண்டியதைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தேன். அந்தக் கத்தியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. ஓடிப்போய்த் தடுக்க வேண்டும், சத்தம் போட வேண்டும் என்றுதான் தோன்றியது. சத்தம் போட்டிருந்தால் வேலு என்னை வெளியே தள்ளியிருப்பான். அது அவன் வீடு, நான் யாரோ. நல்லவேளையாக ஜாடி கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துத் துணியை அவிழ்க்கிற நேரத்தில் எனக்கு நிதானம் வந்துவிட்டது.

முதலில் கத்திக்காரரிடம் போனேன். “ஐயா, நான் மியூசியத்துல வேலை செய்யறேன். கீறுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ பாருங்களேன். நீங்க தோலு பாத்தவரு. உங்களுக்குப் புரியும்.”

சிறகை எடுத்து வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். சாயங்கால வெயில் அதன் வழியே வந்தது. விரல் எலும்புகள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே தோலில் மரக்கிளைபோல ரத்தக்குழாய்கள். கூடவே நூல்நூலாகச் சதை இழைகள். கத்திக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். வேலுவும் வந்து நின்றான்.

“வெறுந்தோலுன்னு நெனைக்கிறோம். உள்ள இவ்வளவு ஓடுது” என்றேன்.

“ரத்தத்தை நிறுத்தற பச்சிலை என்கிட்ட இருக்கு” என்றார் அவர்.

“நிறுத்திடுவீங்க. ஆறும்போது என்ன ஆகும் ஐயா? நான் செத்த தோலோட வேலை செய்யறவன். காய்ஞ்சா சுருங்கி எலும்பையே வளைக்கும், பாத்திருக்கேன். உயிருள்ள தோலு எப்படின்னு எனக்குத் தெரியாது.”

அவர் சிறகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.  “தீப்பட்ட கையில அப்படி ஆகிப் பாத்திருக்கேன். ஆறின பொறவு வெரலு கொக்கியா நின்னுரும்.”

அவரே போய்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினார். கத்தியை எடுத்துத் துடைத்தார். “கட்டின்னா என் கை போதும். இதுக்குப் போதாது வேலு. டாக்டரைப் பாரு.” சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்தார். அவர் போகாமல் இருந்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

வேலுவுக்கு ஏமாற்றம். “அப்ப இப்படியே உடச் சொல்றீங்களா அண்ணே?”

“இல்ல. கையைப் பாக்கலாமா?”

பாக்கியம் என்னையும் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. தானாகவே முந்தானையை விலக்கினாள். சின்னக் கை, சூடாக இருந்தது. ஒட்டிய விரல்களின் நுனியில் இரண்டு நகம் தனித்தனியாக இருந்தது. மெல்லத் தடவிப் பார்த்தேன். வௌவாலின் சிறகில் தோலுக்கு மேலேயே எலும்பைத் தடவிக் கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கம். உள்ளே இரண்டு எலும்பு தனித்தனியாக நகர்கிற மாதிரிதான் தெரிந்தது. “பயப்படாதீங்க, சுலபமாப் பிரிச்சிடலாம்” என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த வீட்டில் எல்லோரும் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள்.

“ரெண்டு எலும்பு இருக்கிற மாதிரி என் கைக்குத் தெரியுது. நிச்சயமாச் சொல்ல எனக்குத் தகுதியில்ல. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில உள்ள இருக்கிற எலும்பைப் படம் புடிக்கிறாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்” என்றேன். தெரிந்த இடத்தோடு நின்றேன்.

வேலு வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “அதெல்லாம் சரி. இது எதனால வந்துச்சு? அதைச் சொல்லுங்க.”

கதவோரம் நின்ற அஞ்சலையக்கா என்னையே பார்த்தார். சொல்லாதே என்று அந்தக் கண் கேட்டது. நான் அவரைப் பார்க்காமல் பேசினேன்.

“எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எங்க ஜாடியில பொறக்காத கொரங்குக் குட்டி ஒண்ணு, பொறக்காத வௌவாக் குட்டி ஒண்ணு இருக்கு. ரெண்டோட கையும் ஒரே மாதிரி இருக்கும். சின்னத் துடுப்பு மாதிரி. வெரலுக்கு நடுவுல தோலோட. கொரங்குக்கு அந்தத் தோலு அப்புறம் போயிரும். வௌவாலுக்குப் போகாது, அதுக்குப் பறக்க வேணும். மனுசக் கையும் வயித்துக்குள்ள அப்படித்தான் ஆரம்பிக்குதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. உங்க புள்ளைக்கு ஒரு எடத்துல மட்டும் அது போகாமத் தங்கிருச்சு. ஏன் தங்குச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கொரங்கோட தாய் எதையும் தின்னு அந்தக் கை அப்படி ஆகல.”

கடைசி வாக்கியத்தை அஞ்சலையக்காவுக்காகச் சொன்னேன். அவருக்கு மட்டும் புரிந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் பல மாதமாக அடைத்துவைத்தது அங்கேயே உடைந்துவிட்டது.

“அப்ப நான் குடுத்த சூப்பு இல்லையா?” என்றார். சத்தமாகவே சொல்லிவிட்டார்.

வேலு திரும்பினான். “என்ன சூப்பு?”

அதன்பிறகு மறைக்க ஒன்றுமில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பாசாரில் கேட்டது, சதுப்புக் காட்டு வேட்டைக்காரனைத் தேடிப்போனது, கோழி என்று பொய் சொன்னது. வேலு கேட்டுக்கொண்டு அப்படியே நின்றான். அவன் கை முஷ்டியானதை நான் பார்த்தேன். அந்த நிமிடத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும்.

பேசியது பாக்கியம். அந்தச் சாயங்காலத்தில் அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அந்த சூப்பா அண்ணி?”

“அதுதான்மா.”

“அத நான் குடிக்கல.”

அஞ்சலையக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“வாடை தாங்கல அண்ணி. நீங்க அடுப்படிக்குப் போனதும் பின்னால வாழை மரத்தடியில ஊத்திடுவேன்.”

“எல்லா நாளுமா?”

“எல்லா நாளும்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அவ்வளவு தூரம் வந்து எனக்காக ஆக்கிப் போடறீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? எங்கம்மாகூட என்னை அப்படிப் பாத்ததில்ல.”

“மூச்சு இழுப்பு நின்னுச்சே?”

“மழை நின்னுச்சு. அதுவும் நின்னுருச்சு.”

 கத்திக்காரர் வாசலில் குந்தியபடியே, “அதான் அந்த வாழை அப்படிக் காய்ச்சிருக்கு” என்றார். வேலுவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அஞ்சலையக்கா கட்டிலில் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை நடுவில் நசுங்கிக் கத்தியது.

நான் சிறகை ஜாடிக்குள் போட்டு மூடினேன்.

அந்த வாரமே குழந்தையைக் கோலாலம்பூருக்குக் கொண்டு வந்தார்கள். நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் தலைவர் தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். டாக்டர் பொறுமையான மனிதர். படம் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு இரண்டும் தனித்தனிதான் என்றார். ஆனால் உடனே கத்தியை எடுக்கவில்லை. கை இவ்வளவு சிறிதாக இருக்கும்போது செய்தால் வளர வளர வடு இழுக்கும். இன்னும் சில வருஷம் பொறுங்கள், தோல் பத்தாத இடத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும் என்று பாக்கியத்துக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவர் அந்தத் தோலைப் பற்றிச் சொன்னபோது வேலு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத பாதியை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

காத்திருந்த வருஷங்கள் அவர்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை. லைனில் அந்தப் பட்டப்பெயர் உடனே போய்விடவும் இல்லை. ஆனால் பாக்கியம் குழந்தையின் கையை மறைப்பதை நிறுத்திவிட்டாள். யாராவது கேட்டால், “டாக்டர் பெருசானதும் பிரிச்சு விடுவாரு” என்று சாதாரணமாகச் சொல்வாளாம். சரசு என்று பெயர் வைத்த அந்தப் பெண் அந்தக் கையாலேயே சோறு அள்ளித் தின்றது, மண்ணில் விளையாடியது, அத்தையின் ஆப்பத்தைப் பிய்த்தது. அஞ்சலையக்கா மாதத்தில் ஒரு நாளாவது எங்கள் அறைப் பக்கம் ஆப்பத்தோடு வருவார். நிம்மதி வந்ததும் அவருக்குக் கோபமும் வந்துவிட்டது. “எவ்வளவு அலைஞ்சு அந்த வௌவாலைப் புடிச்சேன் தம்பி. மரத்தடியில ஊத்தியிருக்கா பாருங்க” என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்கலாம், சூப்பை அவள் குடிக்கவே இல்லையென்றால் நான் அங்கே போய்ப் பேசியதில் என்ன பயன் என்று. நானும் அதை யோசித்திருக்கிறேன். கத்தி தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. அது ஒரு பயன். மற்றபடி, அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் யாரோ ஒருவன் வந்து குரங்கைப் பற்றிப் பேசினதால் வாய் திறந்தது. நான் எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசியிருந்தால் அவர்கள் எனக்கு நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள். பேச வேண்டியதைத் தங்களுக்குள் பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கூடத்தில் உங்களிடம் யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர்கள் முகத்தை ஒரு தடவை பாருங்கள். நான் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.

சரசு பள்ளிக்கூடம் போகும் வயதை நெருங்கியபோது அதே டாக்டர் விரலைப் பிரித்தார். நடுவிரலில் கொஞ்சம் கோணல் தங்கிவிட்டது, முழுக்க நிமிராது. டாக்டர் அதை முன்பே சொல்லியிருந்தார். அது சரசுவுக்கு ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. இப்போது கிள்ளானில் ஒரு தையல்காரரிடம் வேலை பழகுகிறாள். பித்தான் துளை அவள்தான் போடுகிறாள்.

கட்டு அவிழ்த்த அன்று அவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு நானும் ரயிலில் கிள்ளான்வரை போனேன். பாக்கியம் களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள். சரசு அத்தையின் மடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. கையை உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம், அது கேட்கவில்லை. வடு இன்னும் சிவந்திருந்த அந்தக் கையை மெதுவாக ஜன்னலுக்கு நேராக நீட்டி, விரல்களை விரித்தது. முகம் மாறிவிட்டது.

“அத்த, நடுவுல காத்து வருது.”

அஞ்சலையக்கா நம்பாதவர்போல் தன் விரலை அந்த இரண்டு விரலுக்கும் நடுவே, படாமல், வைத்துப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

“ஆமாடி, வருது” என்றார்.